பயந்துகொண்டே போன ரத்னா அக்கா

செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு பெரியவருக்கு மனு அடித்துக்கொண்டிருந்தேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் எடுப்பதும் மனு அடித்துக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. கைப்பேசியில் ரத்னா அக்காவின் தம்பி மோகன், பொதட்டூர்பேட்டையிலிருந்து பேசினான். "ரத்னாக்கா போய்ட்டாங்கக்கா" என்றான். வேறு யாராக இருந்தாலும் 'எப்படி?' என்று கேட்டிருப்பார்கள். என் வாயில் வந்தது அது இல்லை. "யாரு?" என்று கேட்டேன்.

நான் எதைக் கேட்கிறேன் என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "யாரும் இல்லக்கா. மாரடைப்புன்னு டாக்டர் சொல்றாரு. லுங்கி மூட்டிகினு இருந்தாங்களாம், அப்படியே மிஷின் மேல சாஞ்சிட்டாங்க. பாவா பக்கத்துலதான் இருந்தாரு. அவருக்கு ஒண்ணுமே புரியல" என்று அக்காவின் வீட்டுக்காரரைச் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அழுகை அப்புறம்தான் வந்தது. ஒருவர் செத்துப்போன விதத்தைக் கேட்டு நிம்மதி அடைகிற அளவுக்கு நாங்கள் பயந்து வாழ்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. பெரியவர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாளே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேனர் வைத்துவிட்டார்கள். அக்காவின் படத்துக்கு மேலே 'அஞ்சா நெஞ்சம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே கண்ணீர் அஞ்சலி செலுத்துவோர் வரிசையில், அவர் உயிரோடு இருந்தபோது எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டு போன முகங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சா நெஞ்சமாம்! அவரோடு பழகிய இந்த ஊர்க்காரர்கள் உங்களுக்காவது இதைச் சொல்லியாக வேண்டும். ரத்னா அக்காவைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. நானே ஒரு பயந்தாங்கொள்ளி. இந்த விஷயத்தில் அவர் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

அவர் பொதட்டூர்பேட்டையில் பிறந்து, திருத்தணியில் எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தறிக்காரர்களிடமிருந்து வரும் லுங்கிகளை வீட்டிலேயே மிஷினில் மூட்டிக் கொடுப்பார். கையில் ஒரு சாதாரணக் கைப்பேசி. சாக்கடை அடைத்துக்கொண்டால், விளக்கு எரியாவிட்டால், குழாயில் புழு வந்தால் அதைப் படம் பிடிப்பார். எந்த இடம், என்ன குறை என்று தன் குரலிலேயே சொல்லுவார். 'தணிகை தெருக் குறைகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். அதில் எங்களோடு உள்ளூர் கேபிள் சேனல்காரரும் ஓரிரு பத்திரிகை நிருபர்களும் இருந்தார்கள். அக்கா ஒரு வீடியோ போட்டால் சாயங்காலம் கேபிளில் வரும், மறுநாள் பேப்பரில் வரும், அதற்கு மறுநாள் ஜேசிபி வரும். நான் மனு மேல் மனு அடித்துக் கொடுத்தும் வராத ஜேசிபி! வீடியோவுக்குக் கீழே எழுத்துப் போட்டுக் கொடுப்பது என் வேலையாயிற்று.

போடுவதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நேராக அந்த அதிகாரியிடம் போவார். வீடியோவை அவருக்கே காட்டுவார். "சார், இத நாளைக்குப் போடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள நீங்க செஞ்சிட்டீங்கன்னா உங்க எதிர்லயே அழிச்சிட்றேன்" என்பார். இதற்காக நான் அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆள் வைத்து மிரட்ட அவர்களுக்கு ஒரு முழு நாள் கிடைக்கிறதே என்பேன். "அவங்களுக்கும் வூடு வாசல் இல்லையா கலா? அப்பன் மானம் போறத புள்ளைங்க டிவில பாக்கணுமா?" என்பார். இப்படியே, வீடியோ போடுவதற்கு முன்னாலேயே பாதி வேலைகள் நடந்தன, அவரும் சொன்ன மாதிரி அழித்துவிட்டார். அவர் எடுத்த நல்ல வீடியோக்களை அதனால்தான் நீங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த அலுவலகப் படிகளை அவர் எப்படி ஏறினார் என்று பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். வாசலில் நின்று தண்ணீர் குடிப்பார். முந்தானையில் உள்ளங்கையைத் துடைப்பார். மறுபடியும் தண்ணீர் குடிப்பார். ஒருமுறை ஆடிக் கிருத்திகைக்கு முன்னால், காவடிக் கூட்டம் நடக்கிற வழியில் சாக்கடை மூடி உடைந்து கிடந்ததற்காகப் போனோம். படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "திரும்பிப் போய்டலாமா கலா?" என்று கேட்டார். எனக்குக் கசக்குமா? "ஆங், போய்டலாங்க்கா" என்று உடனே திரும்பினேன். அவர் திரும்பவில்லை. "இன்னிக்குப் போய்ட்டா நாளைக்கும் இதே மாதிரி வவுத்த கலக்கிகினு வரணுமே. பயந்துகினே போலாம், வா" என்று எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டார்.

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண்மணி. ஆனால் வார்டைப் பார்த்துக்கொள்வது அவர் வீட்டுக்காரர். அந்த மனிதர் ஒரு நாள் என் கடைக்கு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். "உங்க வூட்டுக்காரர் செந்தில் நம்ம நகராட்சி மோட்டார் ஓட்றாரு இல்ல? கான்ட்ராக்ட்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல பையன். பாத்து இருக்கச் சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போனதும் கடையைச் சாத்திவிட்டேன்.

இதை அக்காவிடம் சொன்னால், 'அவன் கெடக்கான்' என்று தூக்கி எறிந்து பேசுவார், எனக்கும் கொஞ்சம் தெம்பு வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ கேட்டு முடித்ததும் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். பட்டப்பகலில்! திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் பக்குனு இருக்குது கலா. நீ வோணும்னா வுட்டுடு. நான் உன்னத் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். நானும் விட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி விடவில்லை.

எங்கள் தெருக்கோடியில் இருந்த மேல்நிலைத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் காலடியில் அங்கன்வாடி. என் மகள் யாழினி அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். தொட்டியின் தூண்களில் சிமென்ட் உதிர்ந்து, உள்ளே இருந்த கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிந்தன. ஒரு நாள் மதியம் செங்கல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து அங்கன்வாடியின் தகரக் கூரை மேல் விழுந்தது. குழந்தைகள் பட்டாசு என்று நினைத்துக் கை தட்டினார்களாம். அங்கன்வாடி டீச்சர் இதைச் சொன்னபோது அவர் உதடு கோணிக்கொண்டு போயிற்று. நான் யாழினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். சில நாள் கடையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். என்னால் முடிந்தது. தறிக்கும் கழனிக்கும் போகிற மற்ற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? அங்கன்வாடிக்கு வேறு கட்டடம் கிடையாது. குழந்தைகளை மறுபடியும் அங்கேயே கொண்டுவந்து விட்டார்கள். கடைசியில் நானும் விட்டேன்.

அக்கா வீடியோ எடுத்தார். வழக்கம்போல முதலில் நகராட்சிப் பொறியாளரிடம் போய்க் காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்சம் நாள் கொடுங்கள் என்றார், அக்கா கொடுத்தார். நாள் போனதே தவிர ஆள் யாரும் வரவில்லை. அதன் பிறகுதான் வீடியோ கேபிளில் வந்தது, பேப்பரில் வந்தது. உடனே ஆட்கள் வந்து சாரம் கட்டினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. தூண்களுக்குப் பூச்சுப் பூசி, தொட்டிக்கு நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலமே சேனலில் 'செய்தி எதிரொலி' என்று போட்டார்கள். எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள். அக்காவுக்கும் பொறியாளருக்கும் சால்வை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நானேதான் குழுவில் போட்டேன். எல்லோரும் கை கூப்பும் எமோஜி போட்டார்கள்.

இரண்டொரு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். தொட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒரு தூணை விரலால் தட்டினார். "கேளு" என்றார். நான் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கூடாக ஒலித்தது. அவர் நகத்தால் கீறியதும் புதுப் பூச்சு அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. உள்ளே அதே கம்பி, அதே துரு. அங்கன்வாடிக்குள்ளிருந்து யாழினியும் மற்றக் குழந்தைகளும் பாட்டுப் பாடுகிற சத்தம் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சிடுச்சுன்னு நம்ம வாயாலயே சொல்லிட்டமே கலா" என்றார்.

அதன் பிறகு எங்கே போனாலும் அந்த எதிரொலியே எங்களுக்குச் சுவராக நின்றது. நிருபரிடம் போனோம். "அது முடிஞ்ச நியூஸுக்கா. மறுபடியும் அனுப்பினா ஆபீஸ்ல என்னத் திட்டுவாங்க" என்றார். சேனல்காரர் சால்வை போட்ட படத்தையே எங்களுக்குக் காட்டினார். பொறியாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எதிரொலி வந்தாச்சேம்மா. இப்ப போய் இடிக்கணும்னு எழுதினா, அப்ப ஏன் பெயின்ட் அடிச்சேன்னு மேல கேக்க மாட்டாங்களா? ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன் இல்ல?" என்றார். அக்கா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "சார், அப்படின்னா நாளைக்குக் காலைல தொட்டி கீழ ரெண்டு சேர் போட்டு லைவ் போடப் போறேன். ஒண்ணுல நான் உக்காருவேன். இன்னொண்ணு உங்களுக்கு. நீங்க வந்து பத்து நிமிஷம் உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனீங்கன்னா, அதுக்கப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன்" என்றார். இதையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார் என்பதை இந்த ஊர் மறந்துவிடக் கூடாது.

மறுநாள் அங்கன்வாடி டீச்சர் ஒரு குழந்தையையும் வரவிடவில்லை. அக்கா ஒரு கிண்ணம் கோலமாவோடு வந்தார். தொட்டி சாய்ந்தால் எதுவரை விழும் என்று கண்ணாலேயே பார்த்து, தெருவின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "கோட்டத் தாண்டி ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. நீயும்தான் கலா" என்றார். பிறகு அவர் மட்டும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. செந்தில் மோட்டார் அறையிலிருந்து எனக்கு போன் செய்து, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். அக்காவிடம் கத்திக் கேட்டேன். "வாணாம். எப்பவும்போல ரொம்பட்டும்" என்றார். தொட்டி நிறைந்துகொண்டே இருந்தது. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டும் படம் ஆடியது. லைவ் பார்த்தவர்கள் கையை ஆட்டாதே என்று திட்டி எழுதினார்கள். வந்து பிடித்துப் பாருங்களேன் என்று மனசுக்குள் திட்டினேன்.

அக்காவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். தண்ணீர் குடிக்கப் போனவர் பாதியை மடியில் கொட்டிக்கொண்டார். "சார், ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னீங்க. உங்க பேச்ச நம்பி எங்க புள்ளைங்க இங்க படுத்துத் தூங்குது. வாங்க சார், வந்து உக்காருங்க" என்று லைவில் சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வேறு பேச்சு அவருக்கு வரவில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். கவுன்சிலர் வீட்டுக்காரரும் வந்து கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் ஜீப் வந்தது. பொறியாளர் இறங்கி வேகமாக நடந்து வந்தார். கோலமாவுக் கோட்டருகே வந்ததும் நின்றுவிட்டார். நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். நான் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினேன். "ஏம்மா, வெளிய வந்துடுங்கம்மா! மேல விழுந்து வச்சா யார் பதில் சொல்றது?" என்று கத்தினார்.

லைவில் அது அப்படியே போயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டபோது நேரம் கடந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வாக்கியம் சென்னை சேனல்களிலும் வந்துவிட்டது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், தொட்டியை இடிக்க உத்தரவு போட்டார்கள். தெருவே அக்காவைத் தூக்கிக் கொண்டாடியபோது அவர் என்னைத் தனியாக அழைத்து, "அவரு பயந்தாரே, அதனால தப்பிச்சோம். பயமில்லாத ஆளா இருந்தா வந்து உக்காந்து டீ குடிச்சிட்டுப் போயிருப்பான். அப்ப நம்ம கதி?" என்று கேட்டார். எனக்கு அதுவரை அப்படித் தோன்றவே இல்லை.

கொண்டாடியவர்கள் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும்தான் மிச்சமெல்லாம் வந்தது. செந்திலைச் சில நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நம்பர் தெரியாத ஒரு பைக் அக்கா வீட்டெதிரே வந்து நின்று எஞ்சினை நிறுத்தாமல் உறுமிவிட்டுப் போகும். யாரோ ஒருவன் என் கடையை வெளியிலிருந்து படம் பிடித்துக்கொண்டு போனான். அக்கா நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பார். "டாக்டர் கிட்ட காட்டுங்கக்கா" என்றால், "தொட்டி எறங்கட்டும்" என்பார். பேனரில் பெயர் போட்டிருக்கிறவர்கள் யாரும் அந்த நாட்களில் எங்கள் பக்கம் வரவில்லை. கோபத்தோடுதான் சொல்கிறேன்.

முந்தின நாள்வரை குழந்தைகள் அங்கேயேதான் இருந்தார்கள். தொட்டியை இடிக்கிற அன்று காலையில்தான் அங்கன்வாடியைக் காலி செய்து கோயில் மண்டபம் ஒன்றுக்கு மாற்றினார்கள். தெருப் பக்கமாகத்தான் விழும், அங்கன்வாடிக்கு ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி உறுதியாகச் சொன்னார். இயந்திரம் மெதுவாக நகர்ந்து வந்து கையை நீட்டித் தூணைத் தொட்டது. தொட்டதுதான். தள்ளவேகூட இல்லை. தொட்டி தெருப் பக்கம் விழவில்லை. அதற்கு நேரெதிரே மடங்கி, அங்கன்வாடியின் பின்சுவர் மேல் மொத்தமாக உட்கார்ந்தது. தூசி கலைந்தபோது அங்கே சுவர் இல்லை. பின்னால் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

நானும் என்னை மறந்து, "ஜெயிச்சிட்டோங்க்கா!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் என் கையிலிருந்து நழுவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார், அவருக்கு இறங்கவில்லை. அந்தப் பின்சுவர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சோம்னு சொல்லாத கலா. இது நேத்து வுழல. அவ்ளோதான்" என்றார்.

அக்காவைப் பற்றிப் பேசக் கூட்டம் போடப்போவதாகச் சொல்கிறார்கள். போடுங்கள், நானும் வருகிறேன். அவருடைய தைரியத்தைப் பற்றி மட்டும் என்னைப் பேசச் சொல்லாதீர்கள். அப்படி ஒன்று அவரிடம் இருந்ததை நான் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது பயம்தான். ஊரே லட்டு தின்றபோது அந்தப் பயம்தான் அவரைப் போய்த் தூணைத் தட்டிப் பார்க்க வைத்தது. இப்போது அது என்னிடம் இருக்கிறது. எந்தத் தொட்டிக்குக் கீழே போனாலும் நிமிர்ந்து பார்க்கிறேன், புதுப் பூச்சைக் கண்டால் விரலால் தட்டுகிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தொட்டி இருந்தவரை, மதியத்தில் சாப்பாடு முடிந்ததும் அந்த அங்கன்வாடியில் குழந்தைகளுக்குப் பாய் விரித்துப் படுக்க வைப்பார்கள். என் யாழினிக்கு அந்தப் பின்சுவரோரம்தான் இடம்.